புதன்கிழமை அவர்

இயக்குநர் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சார், அவர் ஆம்பளையா, பொம்பளையா?"

அப்பா கைப்பேசியை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். கைப்பேசியைக் காதருகே வைத்தால் உவமைகள் வறண்டுபோகும் என்று எங்கோ படித்ததிலிருந்து அப்படித்தான். ஆகவே அந்தக் கேள்வி எங்கள் கூடத்தில் மூன்று பேருக்கும் பொதுவாக வந்து நின்றது. அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பாதி பீன்ஸில் நின்றது.

"அதைச் சொல்லிட்டா கதையே போச்சே," என்றார் அப்பா.

"கதை போனா போகட்டும் சார், நான் ஆள் போடணும். ஒரு நடிகரும் ஒரு நடிகையும் ரெடியா இருக்காங்க. ரெண்டு பேரையும் உக்கார வச்சு, வாசகர் ஊகத்துக்கு விட்டாச்சுன்னு சொல்ல முடியுமா?"

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வாங்க. நேர்ல பேசிக்கலாம்."

"வெள்ளிக்கிழமைதான் கையெழுத்தும் வாங்கணும் சார். இது என் சொந்த வாழ்க்கைன்னு நீங்க ஒண்ணு போடணும். என்னைக் காட்டறதுல ஆட்சேபணை இல்லைன்னு அம்மா ஒண்ணு போடணும். மறக்காம அவர் யாருன்னு முடிவு பண்ணி வைங்க."

இந்தக் கதையில் நான் அப்பாவை அப்பா என்றே எழுதுகிறேன். அவர், இவர் என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீடு பார்த்துவிட்டது.

அப்பா ஒரு பதிப்பகத்தில் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவர். மீதி நேரத்தில் நாவலாசிரியர். இதுவரை நான்கு நாவல்கள். ஒவ்வொன்றின் முன்னுரையும் ஒரே வாக்கியத்தில் முடியும்: "இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தது." அந்தச் சொற்களில் ஒரு வயலின் டீச்சர் உண்டு, கப்பலேறிப் போன ஒரு நர்ஸ் உண்டு, ரயில் பெட்டியில் கடிதத்தை விட்டுச்சென்ற ஒருத்தியும் உண்டு. கதாநாயகன் எல்லாரையும் காதலிப்பான். வீட்டில் ஒரு மனைவியும் இருப்பாள்.

நான்காவது நாவலின் நாயகன் ஒரு நாவலாசிரியன். ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு ஒருவரைச் சந்தித்துத் தன் வாழ்க்கையைச் சொல்கிறான். அந்த ஒருவருக்குப் பெயர் கிடையாது. அவர் வந்தார், அவர் சிரித்தார், அவர் மௌனமானார் என்றே இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் போகும். ஆண் என்றோ பெண் என்றோ ஒரு இடத்திலும் இல்லை. நம் மொழியில் அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஒரு விமர்சகர் அதை 'பால் கடந்த பேரிருப்பு' என்று எழுதினார். இன்னொருவர் கடவுள் என்றார். ஒரு பல் மருத்துவர், அது பல் மருத்துவர்தான் என்று நான்கு பக்கத்துக்குக் கடிதம் போட்டார். மூவருக்கும் அப்பா அனுப்பிய பதில் ஒன்றே: "உங்கள் வாசிப்பு சரியானதே."

இயக்குநர் இதற்கு முன் எடுத்தது ஒரு பேய்ப் படம். அதில் பேய் மட்டும் நன்றாக நடித்திருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, "சார், உங்க நாவலைப் படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சேன், இதை அப்படியே காமெடிப் படமா எடுக்கறேன்," என்றார். அதை அவலச்சுவை என்று நினைத்து எழுதியிருந்த அப்பா, "எந்த இடத்துல சிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் ஒப்புக்கொண்டார்.

அம்மா வங்கியில் கையெழுத்துச் சரிபார்ப்புப் பிரிவில் இருக்கிறாள். இருபத்து நான்கு வருடமாக அவள் வேலை, வந்த கையெழுத்தையும் ஏற்கெனவே இருக்கிற கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆளா என்று பார்ப்பது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே மனுஷி எனக்குத் தெரிந்து அம்மாதான். வீட்டில் அதையே சம்பளம் இல்லாமல் செய்வாள்.

இயக்குநர் ஃபோன் பேசிய அன்று பாத்திரம் கழுவும்போது என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், நீ தமிழ்தானே படிக்கிற?"

"ரெண்டாம் வருஷம்."

"அவர்னு எழுதியிருந்தா அது ஆம்பளையா பொம்பளையான்னு கண்டுபிடிக்க இலக்கணத்துல வழி இருக்கா?"

"இல்லம்மா. மரியாதை குடுத்தா பால் போயிடும்."

"அப்போ மரியாதை குடுக்கற எவனையும் நம்பக் கூடாது."

"வயசுல மூத்த ஆளா இருக்கும்மா. அதான் அவர்னு எழுதியிருப்பார்."

"வயசுல மூத்த பொம்பளையா இருந்தா?"

அதற்குத் தொல்காப்பியத்திலும் பதில் இல்லை.

அம்மா தன் கோப்பைத் திறந்தாள். காகிதத்தில் இல்லை, மனசில் வைத்திருந்த கோப்பு. ஒன்று: புதன்கிழமை நாலு மணிக்கு நூலகம் போவதாக அப்பா சொல்கிறார், நூலகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. இது அம்மாவுக்கு இரண்டு வருடமாகத் தெரியும், வெளியே விடவில்லை. இரண்டு: திரும்பி வரும்போது சட்டையில் ரோஜா வாசனை. மூன்று: கோடையில் அப்பாவின் ஒரு கை மட்டும் முழங்கைக்குக் கீழே கறுத்துப்போகிறது, இன்னொரு கை அப்படியே இருக்கிறது.

"ஒரு கை மட்டும் வெயில்ல படற மாதிரி எங்க போய் உக்கார முடியும், சொல்லு?"

"ஜன்னலோரமா."

"யார் வீட்டு ஜன்னல்?"

நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

"நல்லா கேட்டுக்க," என்றாள். "வயலின்காரியையும் நர்ஸையும் நான் பொறுத்துக்கிட்டேன். ஏன்னா அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடின்னு நினைச்சேன். இது அப்படியில்ல. இது போன புதன்கிழமை. அது மட்டும் பொம்பளையா இருந்துச்சு, வெள்ளிக்கிழமை கையெழுத்தும் கிடையாது, நானும் கிடையாது. பெரியம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீ போய்ப் பாத்துட்டு வா."

பெரியம்மா வீட்டுக்குப் போவேன் என்று அம்மா இதுவரை சொன்னதே இல்லை. சொல்லிவிட்டுத் தட்டை நான் அடுக்கிய இடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் அடுக்கினாள்.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும், அம்மாவுக்கு அது எனக்குத் தெரியும் என்பது தெரியாது. ஒருமுறை சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வங்கிக்குப் போனபோது அவள் இடத்தில் இல்லை, இழுப்பறை திறந்திருந்தது. கையெழுத்து மாதிரி அட்டைகளுக்கு அடியில் நான்கு நாவல்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் மனைவி வரும் பக்கத்தில் ஒரு குண்டூசி. அம்மா வரும் சத்தம் கேட்டுத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "மேடம், அந்தப் பொண்டாட்டி அப்படியே நீங்கதான்," என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். "சும்மா இருங்க," என்று சொல்லி அம்மா இழுப்பறையை மூடினாள். மூடிய வேகத்தில் பெருமை இருந்தது.

புதன்கிழமை மூன்றே முக்காலுக்கு அப்பா துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் முப்பதடி பின்னால் போனேன். அப்பா ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குற்றம் செய்கிறவர்களுக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்சப் பொறுப்புணர்ச்சிகூட இல்லை.

மூன்றாவது தெரு முனையில், ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. கூரையில் மஞ்சள் பலகை: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. அப்பா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, சொந்த வீட்டுக்குள் நுழைவது போல ஏறினார். கண்ணாடியில் தொங்கிய ரோஜா வடிவ அட்டை ஆடியது. வாசனை சாலைக்கே வந்தது. பக்கத்து இருக்கையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர். மீசை இருந்தது. இலக்கணம் கைவிட்ட இடத்தில் மீசை கைகொடுக்கும்.

எங்கள் வீட்டில் கார் கிடையாது. வாங்கும் பேச்சும் கிடையாது.

கார் கிளம்பியது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்று முறை தும்மியது, நான்காவது முறை நகர்ந்தது. நான் நடந்தே பின்தொடர்ந்தேன். இரண்டு இடத்தில் முந்திவிடாமல் இருப்பதற்காக வேகத்தைக் குறைத்தேன். ஒரு இடத்தில் முந்தியேவிட்டேன், குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதாக நடித்தேன். நான் செருப்புப் போட்டிருந்தேன்.

சிக்னலில் வண்டி அணைந்துபோனது. பச்சை விழுந்தது, மறுபடி சிவப்பு விழுந்தது, வண்டி அங்கேயே நின்றது. ஜன்னல் திறந்திருந்தது, அப்பாவின் ஒரு கை வெளியே வெயிலில் கிடந்தது. நான் ஒரு போஸ்டரைப் படிக்கிறவன் போல அருகே நின்றேன். பயிற்சியாளரின் குரல் எதிர்ச்சாரிவரை கேட்கும்.

"மழைன்னா அப்படி ஒரு மழை சார். கிளட்சை மெதுவா விடுங்க. அந்தப் பொண்ணு குடையை நீட்டினா. மெதுவா, மெதுவா. நான் வாங்கிக்கிட்டேன். வயலின் டீச்சர்னு சொன்னேனே, அவ தங்கச்சிதான் இவ. மறுநாள் குடையைக் குடுக்கலாம்னு போனா வீடு காலி. ஜன்னல்ல திரைகூட இல்ல."

"திரை என்ன கலர்?" என்றார் அப்பா. ஸ்டீயரிங் மேல் ஒரு நோட்டுப்புத்தகம் விரிந்திருந்தது.

"இல்லாத திரைக்கு என்ன சார் கலர்?"

"இல்லாத திரை," என்று சொல்லிக்கொண்டே அப்பா எழுதினார். பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. எழுதி முடித்து, கோடு போட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்பினார்.

வயலின் டீச்சர் அப்பாவின் இரண்டாவது நாவலின் கதாநாயகி. அந்த நாவல் வந்த வருடம், வானொலியில் வயலின் வந்தால் அம்மா எழுந்துபோய் அணைத்துவிடுவாள்.

திரும்பும் வழியில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பயிற்சியாளரைப் பற்றி விசாரித்தேன். "கிளட்ச் மாஸ்டர்னு சொல்லுவோம்," என்றார். "அந்தத் துணிப்பைக்காரர் உங்கப்பாவா? பதினோரு வருஷமா கத்துக்கறார்ப்பா. கடை ரெண்டு கை மாறிடுச்சு. அவர் இன்னும் ரெண்டாவது கியரைத் தாண்டல."

வீட்டில் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு?"

"ஆம்பளை."

"நல்லா பாத்தியா?"

"மீசை இருக்கு."

"ஒட்டு மீசையா இருந்தா?"

"அம்மா, அது டிரைவிங் ஸ்கூல். கிளட்ச் மாஸ்டர்னு ஒருத்தர். அப்பா கார் ஓட்டக் கத்துக்கறார்."

"எந்தக் காரை ஓட்ட?"

எல்லாவற்றையும் சொன்னேன். குடை, திரை, நோட்டுப்புத்தகம், வயலின் டீச்சருக்குத் தங்கச்சி இருக்கும் விஷயம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் நிம்மதி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயும் விட்டது.

"அப்போ வயலின்காரி உங்கப்பாவோட ஆள் இல்ல."

"இல்ல. மாஸ்டரோட ஆள்."

"கப்பல்ல போன நர்ஸ்?"

"அதுவும் மாஸ்டரோடதாதான் இருக்கும். அப்பா படகுலகூட ஏறினதில்லையே."

"அவளுக்காக நான் ஒரு மாசம் இந்த மனுஷன்கூடப் பேசாம இருந்தேன்டா. எவனோ ஒருத்தனோட காதலிக்காக!" அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சட்டென்று சிரிப்பு நின்றது. மோப்பம் பிடிக்கிற மாதிரி மூக்கு லேசாக முன்னே வந்தது.

"எல்லாமே அந்த ஆளோட வாழ்க்கைன்னா, அந்தப் பொண்டாட்டி யாரு?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"நாலாவது புத்தகத்துல அவ வர்ற ஏழாவது அத்தியாயம் யாருடா? அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிருக்கா?"

"கேக்கலம்மா."

"கேக்கலையாம். மீசையைப் பாத்தியாம்."

அன்று ராத்திரி அப்பா சாப்பிடும்போது அம்மா எதுவும் கேட்கவில்லை. நூலகத்தில் கூட்டமா என்று மட்டும் விசாரித்தாள். "சுமார்தான்," என்றார் அப்பா.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வங்கியிலிருந்து பூதக்கண்ணாடியோடு வந்தாள். அலமாரி மேலிருந்த அப்பாவின் சூட்கேஸை இறக்கச் சொன்னாள். நான்கு நாவல்களின் கையெழுத்துப் படிகளும் அதில் இருந்தன. இரண்டாவது நாவலைக் கட்டில் மேல் பரப்பி, மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு. கேட்டு எழுதறவன் கை ஓடும். சொல்றவன் நிறுத்த மாட்டான்ல, அதான். புள்ளி வைக்க நேரம் இருக்காது. இதுல ஒரு மெய்யெழுத்துக்காவது புள்ளி இருக்கா?"

இருந்தது என்றேன்.

"மையைப் பாரு. எழுத்து நீலம், புள்ளி கறுப்பு. அப்புறமா உக்காந்து வச்சிருக்கார். மெய்ப்புத் திருத்தற புத்தி. நாப்பது பக்கம் வயலின்காரியைப் பத்தி, ஒரு அடித்தல் கிடையாது. எவன்டா ஒரு அடித்தல்கூட இல்லாம காதலிப்பான்?"

நர்ஸும் அப்படியே. ரயில்காரியும் அப்படியே. அம்மா ஒவ்வொரு கட்டாகப் பார்த்து இடப்பக்கம் வைத்தாள். கடைசியில் நான்காவது நாவலின் ஏழாவது அத்தியாயத்தை எடுத்தாள்.

அந்தப் பக்கங்களைப் பார்த்தால் யாரோ சண்டை போட்ட இடம் போல இருந்தது. புள்ளிகளெல்லாம் நீலம். ஒரு வரிக்கு மூன்று வரி அடித்தல். சில இடங்களில் பேனா முனை தாளைக் கிழித்திருந்தது. அச்சில் வந்த வாக்கியங்கள் அடிபடாமல் நடுநடுவே தப்பி நின்றன: "அவள் அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். வாசனை ஒன்றுமில்லை என்பதே சந்தேகத்துக்கு இடம் என்றாள்." இதற்குத்தான் இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும்.

அம்மா தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள். அடித்ததற்கு அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வீட்டைப் பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். மூன்றாவது முறை மெதுவாக, பூட்டின் மனம் நோகாதபடி."

அடுத்த வரி இன்னும் அழுத்தமாக அடிபட்டிருந்தது. "தூக்கத்திலும் அவள் கை எதையோ சரிபார்க்கிறது. அது என் கையா என்று பார்க்கிறாளோ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெற்றோரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளும் வயது எனக்கு இன்னும் வரவில்லை.

அந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார். சூட்கேஸைப் பார்த்தார், பூதக்கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"உக்காருங்க," என்றாள் அம்மா. "ரிவர்ஸ் வந்துடுச்சா?"

அப்பா உட்கார்ந்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது முகத்தில் தெரிந்தது. "இன்னும் வரல," என்றார்.

"பதினோரு வருஷமா அந்த ஆள் சொல்றதை எழுதி, சொந்த வாழ்க்கைன்னு முன்னுரை போட்டீங்களா?"

"என் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலையே."

ஒரு மெய்ப்புத் திருத்துநர் இந்த வாக்கியத்தை வெளியே விட்டிருக்கக் கூடாது.

"என்னைக் கட்டி இருபத்தி மூணு வருஷம் ஆச்சு," என்றாள் அம்மா. "ஒண்ணும் நடக்கல?"

"நடந்துச்சு. எழுத வரல."

"வந்திருக்கே. அடிச்சில்ல வச்சிருக்கீங்க? பூட்டை ஏன் அடிச்சீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்ததோட ஒட்டல. வயலின், கப்பல், ரயில்னு போயிட்டிருக்கும்போது நடுவுல ஒருத்தி பூட்டை இழுத்துக்கிட்டு நின்னா. அவ மட்டும் ஆள் மாதிரி தெரிஞ்சா, மத்தவங்க எல்லாம் அட்டை மாதிரி ஆயிட்டாங்க. நாவலைக் காப்பாத்தணும்னு அவளை அடிச்சேன்."

"அவர் அவர்னு மூடி மூடி எழுதினது?"

"மூடி எழுதலம்மா. பெரியவர், அதனால அவர்னு எழுதினேன். பொம்பளையாவும் இருக்கலாம்னு விமர்சனம் வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்."

அம்மா அப்பாவின் முகத்தையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வங்கியில் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"இப்ப என்னைச் சமாளிக்கறதுக்காக யோசிச்சுச் சொல்றீங்களா?"

"இல்ல."

"அந்த ஆள் பொண்டாட்டியும் பூட்டை இழுக்கறவளா இருந்தா? நீங்க அதையும் கேட்டு எழுதி, அப்புறம் அடிச்சிருந்தா?"

"அப்படி யாரும் இழுக்க மாட்டாங்க," என்றார் அப்பா. சொன்ன விதத்தில் ஒரு உண்மை இருந்தது. ஆனால் அம்மாவின் பிரிவில் குரலை ஆவணமாக ஏற்பதில்லை.

"நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லி ஏழாவது அத்தியாயத்தைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டு, கூடுதல் தலையணை இருக்கிறதா என்று கேட்டாள். அது எங்களுக்குக் கேட்கும்படி கேட்கப்பட்ட கேள்வி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இயக்குநர் ஒரு கோப்போடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "முடிவு பண்ணிட்டீங்களா சார், ஆம்பளையா பொம்பளையா?" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். பரிசு வாங்கும்போதுகூட உட்கார்ந்தே வாங்கியவர். "ஆம்பளை. கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவர். இன்னொண்ணும் சொல்லணும். நாவல்ல வர்றது என் வாழ்க்கை இல்ல. அவரோட வாழ்க்கை."

இயக்குநர் ஒரு செருப்போடு அப்படியே நின்றார். "சார், சொந்த வாழ்க்கைன்னு போஸ்டர் அடிச்சாச்சு."

"தெரியும்."

"அப்போ அந்த மாஸ்டர் கையெழுத்து போடணும். போட மாட்டேன்னா படம் இல்ல. நம்பர் குடுங்க."

அப்பா எண்ணைச் சொன்னார். இயக்குநர் மேசை மேல் கைப்பேசியை வைத்து ஸ்பீக்கரில் போட்டார். அம்மா தன் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இயக்குநர் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார்: வயலின் டீச்சர், நர்ஸ், கடிதம், உங்கள் வாழ்க்கை, பெரிய திரை. மறுமுனையில் கிளட்ச் மாஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். கைப்பேசி மேசையில் நகரும் அளவுக்குச் சிரித்தார்.

"என் வாழ்க்கையா? எல்லாம் சும்மா அடிச்சு விட்டது சார். ஸ்டீயரிங்கைப் பிடிச்சா சிலருக்குக் கை நடுங்கும். ஒரு காதல் கதையை எடுத்து விட்டா நடுக்கம் நின்னுடும். உங்க எழுத்தாளருக்கு நடுக்கம் ஜாஸ்தி, கதையும் ஜாஸ்தியாப் போச்சு."

"வயலின் டீச்சர்?" என்றார் அப்பா. குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"எனக்கு வயலினுக்கு எத்தனை கம்பின்னே தெரியாது சார்."

"குடை?"

"அன்னிக்கு மழையே பெய்யல. நீங்க நோட்ல எழுதினப்போ கேட்டேனே, டிரைவிங் குறிப்புன்னு சொன்னீங்களே!"

அப்பா உட்கார்ந்தார். அம்மா கைப்பேசியின் பக்கம் குனிந்தாள்.

"ஒரு நிமிஷம். உங்க மனைவியைப் பத்தி இவர்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கீங்களா?"

"யாருங்க பேசறது?"

"அந்த எழுத்தாளர் வீட்ல இருந்துதான்."

"வணக்கம்மா. எனக்குக் கல்யாணமே ஆகல. ஆகியிருந்தாலும் சொல்ல மாட்டேன். காதல் கதை சொன்னா வண்டி நேரா போகும். பொண்டாட்டி கதை சொன்னா பிரேக்கை மிதிச்சுடுவாங்க."

அம்மா நிமிர்ந்தாள். "சரிங்க," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

இயக்குநர் இரண்டாவது செருப்பையும் கழற்றிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தார். "நீங்க எழுதினது உங்க வாழ்க்கை இல்ல. அந்த ஆள் சொன்னது அந்த ஆள் வாழ்க்கையும் இல்ல. போஸ்டர்ல சொந்த வாழ்க்கைன்னு இருக்கு. இதுல நிஜம் எது சார்?"

"நான்தான்," என்றாள் அம்மா. டோக்கன் எண் கூப்பிடும் குரலில் சொன்னாள். கைப்பையைத் திறந்து ஏழாவது அத்தியாயத்தை எடுத்து மேசையில் வைத்தாள். காலையில் வங்கிக்குப் போகும் முன்பே, அடிபட்ட வரிகளையெல்லாம் பென்சிலால் தனித் தாளில் எடுத்து எழுதியிருந்தாள். எந்தப் பக்கம், எந்த வரி என்று ஓரத்தில் குறிப்போடு.

"உண்மையைச் சொல்லிடறேன்மா," என்றார் இயக்குநர். "நான் சிரிச்சது பூரா நீங்க வர்ற இடத்துலதான். வயலின் வந்தா பக்கத்தைத் தள்ளிட்டேன்."

"நான் எத்தனை பக்கம் வர்றேன்?"

"பதினாலு."

"படம் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"பத்தாதே."

"பத்தாதுதான்."

அம்மா பென்சில் தாளை நீட்டினாள். இயக்குநர் பூட்டு வரியைப் படித்துச் சிரித்தார். மறுபடி படித்தார். அப்போது சிரிக்கவில்லை. "இதை ஏன் சார் அடிச்சீங்க?" என்று கேட்டார். அப்பா தரை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூணு வாரம் இருக்கு," என்றார் இயக்குநர். "சார் அந்த வயலின், நர்ஸ் எல்லாத்தையும் தூக்கிட்டு, வீட்டை மட்டும் வச்சு முழுசா எழுதிக் குடுத்தா எடுத்துடலாம். ஆனா கையெழுத்து..."

"எழுதட்டும்," என்றாள் அம்மா. "படிச்சுப் பாத்துட்டு ஒத்துப்போனா போடறேன்."

"அவர் வேஷத்துக்கு ரெண்டு பேர் காத்திருக்காங்களே, என்ன சொல்றது?"

"வேண்டாம்னு சொல்லுங்க. அவர் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. புளுகு."

பெரியம்மா வீட்டுப் பேச்சு அதன் பிறகு எழவில்லை. ஆனால் அம்மா கையெழுத்தும் போடவில்லை. அப்பா ஒரு வாரமாகக் கூடத்து மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா எந்தப் பக்கம் போனாலும் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத நேரத்தில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். இருபத்து மூன்று வருடத்தில் வாங்காத கவனத்தை ஒரே வாரத்தில் வாங்கிய அம்மா, எங்கே போனாலும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள்.

ஒருநாள் வங்கியிலிருந்து வந்து கைப்பையை ஆணியில் மாட்டும்போது, எதையோ நினைத்துத் தனக்குள் சிரித்தாள்.

அப்பா உடனே பேனாவைத் திறந்தார். "என்ன சிரிச்ச?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, சொல்லு. ஆபீஸ்ல ஏதாவது நடந்துச்சா?"

அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எழுதறதுக்கு."

"எழுதறதுக்கு மட்டும்னா சொல்ல மாட்டேன்."

அப்பா பேனாவை மூடி, நோட்டுப்புத்தகத்தை மடித்து, என்னிடம் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அம்மா அப்பாவின் வெறும் கைகளைச் சற்று நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தாள்.